திட்டமிட்டு மூட்டும் காட்டுத்தீ: புகை யாரிடம் போகிறது?

அதிகாலை மூன்று மணியிருக்கும். அம்மா என் அறைக் கதவைத் தட்டினார். "தம்பி, எழும்பு. எங்கையோ எரியுது." நான் எழுந்து வந்தபோது அவர் சேலை மாற்றி, செருப்பும் போட்டுக்கொண்டு நின்றார். கையில் ஒரு பை. அதற்குள் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, மருந்துகள், அப்பாவின் படம். 2009 இற்குப் பிறகு அந்தப் பையை அவர் ஒருநாளும் முழுதாகப் பிரித்ததில்லை.

நாங்கள் இருப்பது சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில். வெளியே தெருவிளக்கைச் சுற்றிப் புகை மண்டியிருந்தது. ஆனால் எங்கள் பகுதியில் எதுவும் எரியவில்லை. மேற்கே பல கிலோமீற்றருக்கு அப்பால், மலைக்காட்டில், தீயணைப்புப் பணியாளர்கள் தாங்களே திட்டமிட்டு மூட்டிய தீயின் புகை அது. அதைப் பற்றிய அறிவித்தல் முதல்நாள் பின்னேரமே என் கைத்தொலைபேசிக்கு வந்திருந்தது. ஆங்கிலத்தில் வந்த அதை வாசித்துவிட்டு, அம்மாவிடம் சொல்லாமல் விட்டது நான்தான்.

அந்த இரவுக்குப் பிறகு இந்த விடயத்தைத் தேடி வாசித்தேன். இது எமது மக்கள் பலர் வாழும் நகரங்களின் பிரச்சினை என்பதால் இங்கு எழுதுகிறேன்.

முதலில், ஏன் எரிக்கிறார்கள்? அவுஸ்திரேலியக் காடுகளில் யூக்கலிப்டஸ் மரங்களின் இலையும் பட்டையும் சுள்ளியும் ஆண்டுதோறும் தரையில் சேர்கின்றன. கோடையில் காட்டுத்தீக்கு அவையே எரிபொருள். ஆகவே இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும், வெப்பம் குறைந்த நாட்களில், சிறு தீயாக மூட்டி அவற்றைக் குறைக்கிறார்கள். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அந்த மண்ணின் ஆதிக்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் காட்டைத் துண்டு துண்டாக, மெதுவாக எரித்து வந்தவர்கள். வன்னியிலும் காடு வெட்டி எரிக்கும்போது பெரியவர்கள் முதலில் காற்றுப் பார்ப்பார்கள்.

இதை நிறுத்திவிட முடியாது. 2019–20 கோடையில் அவுஸ்திரேலியாவில் மூண்ட பெருந்தீயில் 33 பேர் நேரடியாக உயிரிழந்தனர். அந்தத் தீயின் புகையால் நாட்டின் கிழக்குப் பகுதியில் மேலும் 417 பேர் இறந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அதாவது தீயை விடப் புகையே பல மடங்கு பேரைக் கொன்றது.

ஆனால் திட்டமிட்ட தீக்கும் புகை உண்டு. 2016 மே மாதத்தில் சிட்னியைச் சுற்றி இவ்வாறு எரித்தபோது நகரம் நாட்கணக்கில் புகையில் மூழ்கியது. அப்போது புகை கடுமையாக இருந்த ஆறு நாட்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தவர்கள், 14 பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்திருக்கலாம் என்றும், இதய, சுவாச நோய்களால் 80 இற்கும் மேற்பட்டோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருக்கலாம் என்றும் கணித்தனர். இவர்களில் எவருடைய மரணச் சான்றிதழிலும் 'புகை' என்று எழுதப்பட்டிருக்காது. மாரடைப்பு என்றோ மூச்சுத்திணறல் என்றோதான் இருக்கும். கணக்கில் வராத சாவுகள் பற்றி எமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

இங்கேதான் வானிலை எதிர்வுகூறல் முக்கியமாகிறது.

எரிப்பதற்குப் பாதுகாப்பான நாள் எது? காற்று மெதுவாக வீச வேண்டும். வானம் தெளிவாக, வளிமண்டலம் அமைதியாக இருக்க வேண்டும். பலத்த காற்று அடித்தால் தீ எல்லை தாண்டும். 2011 நவம்பரில் மேற்கு அவுஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் பகுதியில் திட்டமிட்டு மூட்டிய தீ கைமீறி, 30 இற்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஆகவே தீயணைப்பவர்கள் அமைதியான நாளைத் தேடுவதில் நியாயம் உண்டு.

சிக்கல் என்னவென்றால், தீக்கு நல்ல நாள் புகைக்குக் கெட்ட நாளாக இருப்பதுதான். காற்று இல்லாத தெளிந்த இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. தரையோடு ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதன் மேலே வெப்பமான காற்று ஒரு பானை மூடி போல நிற்கிறது. பகலில் ஆயிரம் மீற்றருக்கு மேலும் எழுந்து கலைந்துபோகும் புகை, இரவில் அந்த மூடிக்குக் கீழே சிக்கிக்கொள்கிறது. சிட்னி மேற்கே மலைகளும் கிழக்கே கடலும் கொண்ட ஒரு தாழ்நிலம். மலையில் குளிர்ந்த காற்று இரவில் பள்ளத்தாக்குகள் வழியே கீழே வடிகிறது. புகையையும் கூடவே கொண்டு வருகிறது. அம்மா மூன்று மணிக்கு எழுந்ததன் காரணம் இதுதான். தீச்சுவாலை அடங்கிய பின்னரும் பருத்த கட்டைகளும் வேர்களும் இரவு முழுவதும் புகைந்துகொண்டிருக்கும். கொழுந்துவிட்டு எரிவதை விட, இப்படிப் புகைவதே அதிக நுண்துகள்களை வெளியிடுகிறது.

இவை எல்லாம் முன்கூட்டியே கணிக்கக்கூடியவை. எத்தனை ஹெக்டேயர் எரியப் போகிறது, அதில் எவ்வளவு எரிபொருள் உண்டு, புகை எவ்வளவு உயரம் எழும், அந்த உயரத்தில் காற்று எந்தத் திசையில் வீசும், இரவில் 'மூடி' எப்போது விழும் என்பவற்றைக் கணினி மாதிரியில் இட்டு, புகை எந்த ஊரை எந்த மணிக்கு அடையும் என்று வரைபடமே தயாரிக்க முடிகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் திறந்தவெளியில் எரிப்பதற்கான அனுமதி, அன்றைய காற்று புகையை எவ்வளவு கலைக்கும் என்று சொல்லும் சுட்டெண்ணோடு இணைக்கப்பட்டுள்ளது. அவுஸ்திரேலியாவிலும் வானிலைப் பணியகமும் ஆய்வு நிறுவனங்களும் புகைக்கான எதிர்வுகூறல் முறைகளை உருவாக்கியுள்ளன.

எதிர்வுகூறல் கையில் இருந்தால் செய்யக்கூடியவை பல. ஒரே வார இறுதியில் நகரைச் சுற்றி எல்லா இடத்திலும் மூட்டாமல் பிரித்து எரிக்கலாம். காற்று கடலை நோக்கி வீசும் நாளைத் தெரிவு செய்யலாம். காலையிலேயே தொடங்கி, மாலையில் 'மூடி' விழுவதற்கு முன் பெரும்பகுதியை முடிக்கலாம். குடியிருப்புக்கு அருகில் புகையும் கட்டைகளைத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம்.

ஆனால் எரிப்பதற்கு ஏற்ற நாட்கள் ஆண்டில் மிகச் சிலவே. அவையும் சுருங்கி வருகின்றன என்ற கவலை உண்டு. புகைக்காக ஒரு நாளைத் தவறவிட்டால், அந்த நாள் அந்த ஆண்டில் திரும்பி வராமலும் போகலாம். எனவே 'புகையே வராமல் எரியுங்கள்' என்று கேட்பது நேர்மையான கோரிக்கை அல்ல. நாம் கேட்க வேண்டியது வேறு. தீ எந்த எல்லையைத் தாண்டக்கூடாது என்று வரைபடத்தில் கோடு போடுவது போலவே, புகை எந்த ஊர்களுக்குப் போகும் என்பதையும் அதே திட்டத்தில் எழுத வேண்டும். அந்த ஊர்களில் உள்ளவர்களுக்கு அவர்களுக்கு விளங்கும் மொழியில், இருட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும்.

அதில் எமக்கும் பங்கு உண்டு. கைத்தொலைபேசியில் அறிவித்தல் பெறுபவர்கள் பிள்ளைகள். தொய்வும் இருதய நோயும் உள்ளவர்கள் பெற்றோர். கோயில்களும் தமிழ்ப் பாடசாலைகளும் முதியோர் சங்கங்களும் இரண்டு வரித் தமிழ்ச் செய்தியைப் பகிர்வது பெரிய வேலை அல்ல. இன்று இரவு புகை வரும்; யன்னல்களை மூடுங்கள்; மருந்தைக் கையருகில் வைத்திருங்கள்; விடிகாலையில் நடக்கப் போகாதீர்கள்; புகை கலைந்த பின் வீட்டைத் திறந்துவிடுங்கள். துணி முகக்கவசம் இந்த நுண்துகள்களைத் தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மறுநாள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சொல்லிப்போட்டு எரிச்சால் காரியமில்லை. தெரியாமல் நித்திரையால எழும்பி மணக்கேக்கைதான் பயம்," என்றார்.

போன சனிக்கிழமையும் மலைப்பக்கம் எரித்தார்கள். பின்னேரமே அவரிடம் சொன்னேன். கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து வந்தார், யன்னல்களை மூடினார், மருந்தைத் தலைமாட்டில் வைத்தார். அன்று இரவும் புகை வந்தது. அவர் எழும்பவில்லை. பை மட்டும் இன்னும் கதவடியில்தான் இருக்கிறது.