டெஸ்டரின் மௌனம் சம்மதம் ஆகுமா?

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மறுநாள் காலை முகூர்த்தம். மேடைக்கு மேலே ஒரு விளக்கு வரிசை எரியவில்லை. காண்ட்ராக்டர் ஒரு வயர்மேன் தோழரை அனுப்பினார். தோழர் அந்த வரிசைக்குரிய பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். மர ஏணியில் ஏறினார். சட்டைப் பையிலிருந்த பேனா டெஸ்டரை எடுத்துக் கம்பிக்குப் பக்கத்தில் பிடித்தார். சத்தம் இல்லை, டெஸ்டரில் விளக்கும் எரியவில்லை. கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொட்டார். அடுத்த கணம் கீழே கிடந்தார்.

உயிர் தப்பியது. இடுப்பெலும்பு முறிந்தது. நான்கு மாதம் படுக்கை. அவருடைய மனைவி பிள்ளையார்பாளையத்தில் அக்கம்பக்கத்துத் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார்.

காண்ட்ராக்டரிடம் நியாயம் கேட்கப் போனோம். அவர் சொன்ன பதில் இது: "டெஸ்டரைக் கையில் கொடுத்திருக்கிறோம். பார்த்துவிட்டுத் தொட வேண்டாமா? அவன் கவனக்குறைவுக்கு நான் என்ன செய்வேன்?"

வாசகர்களே, இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தத் தோழர் பார்க்காமல் தொடவில்லை, பார்த்துவிட்டுத்தான் தொட்டார். கொடுத்த கருவிதான் அவரைக் கைவிட்டது. மறுநாள் சங்க அலுவலகத்தில் அந்த டெஸ்டரைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே இருந்த பேட்டரிகள் இரண்டும் தீர்ந்துபோயிருந்தன. நான்கு வயர்மேன்களுக்குப் பொதுவாக ஒரு டெஸ்டர். பேட்டரி மாற்றுவது யார் பொறுப்பு? யாருடைய பொறுப்பும் இல்லை. காலையில் கத்திய டெஸ்டர் மாலையில் ஊமையாகிவிட்டது.

நான் மின்சாரத் தொழில் தெரிந்தவன் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு இயக்க வேலைக்கு வந்தவன். ஆனாலும் அந்தத் தோழரின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஒரு கேள்வி என்னை விடவில்லை. தொடாமலே கரண்டைக் காட்டும் இந்தப் பேனாவை எந்த அளவுக்கு நம்பலாம்? அனுபவமுள்ள வயர்மேன்களைக் கேட்டேன், படித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பேனா எப்படிக் கத்துகிறது?

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். அது வினாடிக்கு 50 சுற்று, மாறி மாறி ஓடுகிறது. அப்படிப்பட்ட கம்பியைச் சுற்றி ஒரு மின்புலம் இருக்கும். பேனாவின் முனையில் ஒரு சிறு உலோகத் தகடு உண்டு. முனையைக் கம்பியருகே கொண்டு போனால், நடுவில் ரப்பர் உறை இருந்தாலும், அந்த மின்புலம் தகட்டை மிக நுட்பமாக இழுத்துத் தள்ளுகிறது. பிடித்திருக்கும் கையும் உடம்பும் தரையும் சேர்ந்து அந்தச் சுற்றைப் பூர்த்தி செய்கின்றன. உள்ளே இருக்கும் சர்க்யூட் அந்தச் சிறு அசைவைப் பேட்டரியின் பலத்தால் பெருக்கி, விளக்காகவும் சத்தமாகவும் காட்டுகிறது.

ஆகவே இது கரண்டை அளக்கும் கருவி அல்ல. கரண்டின் வாடையை மோப்பம் பிடிக்கும் கருவி. மோப்பம் கிடைத்தால் கத்தும். கிடைக்காவிட்டால் பேசாமல் இருக்கும். ஏன் கிடைக்கவில்லை என்பதை அது சொல்லாது.

மௌனத்துக்குப் பல காரணங்கள்

கம்பியில் கரண்ட் இல்லாதது ஒரு காரணம். கரண்ட் இருந்தும் பேனா பேசாமல் இருக்கும் சந்தர்ப்பங்கள் இவை:

ஒன்று, பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது கருவியே கெட்டிருக்கலாம். மண்டபத்தில் நடந்தது இதுதான்.

இரண்டு, கம்பி இரும்புக் குழாய்க்குள்ளோ கவசமிட்ட கேபிளுக்குள்ளோ ஓடலாம். எர்த் ஆன உலோகம் மின்புலத்தை வெளியே விடாது. சங்க அலுவலகத்தில் இதைச் செய்தே பார்த்தோம். புதுப் பேட்டரி போட்டோம். கரண்ட் ஓடும் வயரை எர்த் செய்த இரும்புக் குழாய்க்குள் விட்டுப் பேனாவைக் குழாயின் மேல் வைத்தோம். மூச்சில்லை. குழாயை விட்டு வயர் வெளியே வந்த இடத்தில் வைத்தோம். உடனே கத்தியது. வயர் அதேதான், கரண்ட் அதேதான், பேனாவும் அதேதான்.

மூன்று, வயர்மேன் நிற்கும் இடம். காய்ந்த மர ஏணியில், ரப்பர் செருப்போடு, கையுறையோடு நின்றால் உடம்புக்கும் தரைக்கும் உள்ள தொடர்பு பலவீனமாகிறது. பேனாவின் மோப்பமும் மங்குகிறது. வேடிக்கையைப் பாருங்கள்! பத்திரத்துக்காக அணிகிற செருப்பும் கையுறையுமே டெஸ்டரின் கண்ணை மறைக்கலாம்.

நான்கு, டி.சி. மின்சாரம். சாதாரணப் பேனா இதை அறியவே அறியாது. இன்று மொட்டை மாடிகளில் சோலார் தகடுகள் வந்துவிட்டன. தகட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரை ஓடுவது டி.சி.தான், தகடுகளை வரிசையாக இணைத்தால் சில நூறு வோல்ட்கூட இருக்கும். மெயினை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை தகட்டில் மின்சாரம் பிறந்துகொண்டே இருக்கும். பேனா மட்டும் மௌனம் சாதிக்கும்.

ஐந்து, பல கம்பிகள் ஒன்றாக முறுக்கிய கேபிள். ஃபேஸ் கம்பி மறுபக்கம் இருக்கலாம். மூன்று ஃபேஸ்களும் ஒரே கேபிளில் ஓடினால் ஒன்றின் மின்புலத்தை மற்றவை மழுக்கிவிடலாம்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பக்கத்துக் கம்பியில் ஓடும் கரண்டின் தூண்டலால், அணைத்த கம்பியிலும் பேனா கத்தும். சில சமயம் வெறும் நிலை மின்சாரத்துக்கே கத்தும். பொய்ச் சத்தத்தால் உடனே உயிர் போகாது; ஆனால் அதைப் பலமுறை கேட்ட வயர்மேன் உண்மையான சத்தத்தையும் "சும்மா கத்துது" என்று தள்ளிவிடுவார்.

அப்படியானால் பேனாவைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். சுவருக்கு வெளியே தெரியும் வயர்களில் எது ஃபேஸ் என்று தேடவும், வயர் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவும், முதல் எச்சரிக்கையாகவும் அது நல்ல கருவி. ஸ்குரூ டிரைவர் போன்ற பழைய நியான் டெஸ்டரில் கம்பியையே தொட வேண்டும்; பெரிய ரெசிஸ்டன்ஸ் வழியாக மிகச் சிறு கரண்ட் நம் உடம்புக்குள் ஓடித்தான் நியான் விளக்கு எரிகிறது. பட்டப்பகல் வெயிலில் அந்த வெளிச்சம் தெரியாது. அதன் மௌனமும் நம்பத் தகுந்ததல்ல.

பேனா கத்தினால் கையை எடு. கத்தாவிட்டால் எதுவும் முடிவாகவில்லை என்று எண்ணு. இதுதான் நான் கற்ற பாடம்.

காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பளபளப்பைப் பார்த்து மட்டும் ஜரிகையை வெள்ளி என்று ஒப்புக்கொள்வோமா? உரசிப் பார்க்கிறோம், பரிசோதனைக்கு அனுப்புகிறோம். சேலைக்கு வேண்டியிருக்கிற சோதனை மனித உயிருக்கு வேண்டாமா?

மூன்று முறை பார்!

கரண்ட் இல்லை என்று நிச்சயிக்கும் முறை உலகம் அறிந்தது. முதலில், கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பிளக்கில் கருவியைச் சோதிக்க வேண்டும். இரண்டாவதாக, வேலை செய்யப் போகும் கம்பியைச் சோதிக்க வேண்டும். மூன்றாவதாக, மீண்டும் அந்தப் பிளக்குக்கே வந்து கருவி இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது சோதனை நடந்திருந்தால் நம் தோழர் கம்பியைத் தொட்டிருக்க மாட்டார்.

கருவியும் சரியானதாக இருக்க வேண்டும். இரண்டு முனைகள் உள்ள வோல்டேஜ் டெஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு முனையை ஃபேஸிலும் மற்றொன்றை நியூட்ரலிலும், பிறகு எர்த்திலும் வைத்துப் பார்க்கலாம். அது மோப்பம் பிடிப்பதில்லை. கம்பியைத் தொட்டே சொல்கிறது. டி.சி.யையும் காட்டும். நல்ல ரகங்களில் பேட்டரி தீர்ந்தாலும் அபாயமான வோல்டேஜைக் காட்டும் விளக்கு உண்டு. பிரிட்டனில் தொழில் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு நிர்வாகம், கரண்ட் இல்லை என்று நிரூபிக்கத் தொடாத டெஸ்டரை நம்பாதே, இரண்டு முனைக் கருவியையோ முறையான டெஸ்ட் லாம்பையோ உபயோகி என்று வழிகாட்டுகிறது. அமெரிக்காவில் 70-ஈ என்ற பாதுகாப்புத் தர விதியும் சோதனைக்கு முன்னும் பின்னும் கருவியைச் சரிபார்க்கச் சொல்கிறது.

சோதனை மட்டும் போதாது. அணைத்த ஸ்விட்சைப் பூட்ட வேண்டும். "ஆள் வேலை செய்கிறார்" என்று பலகை மாட்ட வேண்டும். வேறு வழியில் கரண்ட் வருகிறதா என்று தேட வேண்டும். மண்டபத்தில் பியூஸைப் பிடுங்கிய பிறகும் கரண்ட் வந்தது ஏன்? இன்வெர்ட்டர் லைனிலிருந்து யாரோ எப்போதோ அந்த வரிசைக்கு இன்னோர் இணைப்பு கொடுத்திருந்தார்கள். வயர்மேனிடம் அதை யாரும் சொல்லவில்லை.

யார் பொறுப்பு?

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 36ஆவது விதி, மின் கம்பியில் வேலை செய்பவருக்குக் கையுறை, ரப்பர் ஷூ, இடுப்புப் பெல்ட், எர்த் செய்யும் சாதனம், ஹெல்மெட், லைன் டெஸ்டர் முதலியவற்றைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 2010ல் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளும் 19ஆவது பிரிவில் இதையே சொல்லின. 2023ல் அவற்றின் இடத்தில் புதிய ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன.

டெஸ்டர் கொடுக்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? நாலு பேருக்கு ஒரு பேனாவை, அதுவும் தீர்ந்த பேட்டரியோடு கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதா? பேனா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு முனை டெஸ்டருக்குப் பல மடங்கு விலை. அந்த வித்தியாசத்தைக் காண்ட்ராக்டர் மிச்சம் பிடிக்கிறார். தொழிலாளி அதை இடுப்பெலும்பால் கட்டுகிறார்.

இன்னொரு கேள்வி. மூன்றாவது சோதனையைத் தோழர் ஏன் செய்யவில்லை? தெரியாமலா? தெரியும். கீழே நின்ற சூப்பர்வைசர், "சீக்கிரம், சீக்கிரம், மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமாகிறது" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பிளக் இருந்ததோ கீழே, மண்டபத்தின் மறுகோடியில். ஏணியிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்து வர ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காதவர்கள் அவரைக் கவனமில்லாதவர் என்று சொல்லத் துணிவது என்ன நியாயம்?

எனவே நாம் கேட்பது இது: ஒவ்வொரு வேலைக் குழுவுக்கும் இரண்டு முனை டெஸ்டர் கொடுக்க வேண்டும். பேட்டரி மாற்றுவதும் கருவியைச் சரிபார்ப்பதும் காண்ட்ராக்டரின் பொறுப்பாக வேண்டும். மூன்று முறை சோதிக்கும் நேரமும் வேலை நேரம்தான். அதற்கும் கூலி உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். விபத்து நடந்தால் முதலில் கருவியை விசாரிக்க வேண்டும், பிறகு மனிதனை.

வயர்மேன் தோழர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. "இருபது வருஷமாக இதைத்தான் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சை விடுங்கள். இருபது வருஷம் பேசிய கருவி ஒரு நாள் மாலை ஊமையாகலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் எலெக்ட்ரீஷியன்களுக்கும் இடம் உண்டு. பதிவு செய்யாதவர்கள் உடனே பதிவு செய்யுங்கள்.

நெசவாளர் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023 மார்ச் முதல் 300 யூனிட் ஆனது. தறிக்கு மேலே விளக்கு, விசிறி, சில வீடுகளில் இன்வெர்ட்டர், சில தறிகளில் ஜக்கார்டைத் தூக்க மோட்டார் என்று வயர்கள் பெருகிவிட்டன. குழித்தறியில் வெறுங்காலோடு மண்ணில் உட்காருகிறவரை ஷாக் எளிதில் விடாது. நீங்களே பேனாவை வைத்துப் பார்த்துவிட்டு வயரில் கை வைக்காதீர்கள். வயர்மேன் வந்தால், இன்வெர்ட்டர் எங்கே, சோலார் உண்டா, எந்த லைன் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லுங்கள். ஒரு வாய்ச் சொல் ஓர் உயிரைக் காப்பாற்றும்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பெண் பார்க்கும் வீட்டில் சொல்வார்கள். மின்சாரக் கம்பியிடம் அந்தப் பழமொழி செல்லாது. நம் தோழர் இப்போது கோலூன்றி நடக்கிறார். மீண்டும் ஏணி ஏற வேண்டும் என்கிறார். அவர் ஏறும்போது அவர் பையில் சரியான கருவி இருக்க வேண்டும். கீழே நிற்பவர் அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் சங்கம் இந்தக் கோரிக்கையை எழுப்புகிறது. மின்சாரத் தொழிலாளி தோழர்களே, நீங்களும் குரல் கொடுங்கள்!