நாலு சென்ட் கேட்டால் நாலு காரணமா?

ஆத்தூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளி. பையன்களுக்கு ஏற்கெனவே வாலிபால் அணி இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் ஒன்று தொடங்கலாமா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்கள். அம்மாக்கள் சிலர் தலையசைத்தார்கள். அந்த நேரத்தில் ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவர் எழுந்து நாலு காரணங்களை அடுக்கினார். பொம்பளைப் பிள்ளை உடம்பு தாங்காது. படிப்பு கெடும். பாதுகாப்பு கிடையாது. இடமும் இல்லை, பிள்ளைகள் யாரும் கேட்கவும் இல்லை. பேச்சு அத்தோடு முடிந்தது.

அவர் பெயரும் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். தலைவாசல் முதல் ராசிபுரம் வரை எந்த ஊரில் கேட்டாலும் இதே நாலு காரணத்தைத்தான் சொல்வார்கள். ஆகவே நான் பதில் சொல்வது அந்த ஒருவருக்கு மட்டுமல்ல. அந்த நாலு காரணத்தில் ஒன்றுகூட நிற்காது என்பதைப் பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் உடம்பு. வயசுக்கு வந்த பிள்ளை எம்பிக் குதித்தால் கர்ப்பப்பைக்கு ஆகாதாம். இதைச் சொல்கிற ஊர் எது? சேகோ ஆலைகளில் மணிக்கணக்காகக் குத்துக்காலிட்டு மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரிப்பவர்கள் பெண்கள். சோளக்காட்டில் கதிர் ஒடித்துச் சுமப்பவர்கள் பெண்கள். கல்யாணச் செலவுக்குப் பணம் தருகிறோம் என்று ஆசை காட்டி, சுமங்கலித் திட்டம் என்று பெயரும் வைத்து, பதின்ம வயதுப் பெண்களை நூற்பாலை விடுதிகளில் வருடக்கணக்காக அடைத்து ஷிப்டு ஷிப்டாக வேலை வாங்கியவை நம் மேற்கு மாவட்டங்கள். அப்போது எந்தப் பெரியவரும் எழுந்து கர்ப்பப்பையைப் பற்றிப் பேசவில்லை. கூலிக்கு உழைக்கும்போது தாங்குகிற உடம்பு, விளையாடும்போது மட்டும் தாங்காதா?

ஜப்பானிலும் நூற்பாலை இருந்தது. ஒசாகா பக்கம் கைசூக்கா என்ற ஊரில் நிச்சிபோ ஆலை. அங்கே வேலை பார்த்த பெண்கள் பகலில் வேலை முடித்துவிட்டு இரவில் வாலிபால் பழகினார்கள். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக வாலிபாலைச் சேர்த்தபோது, சோவியத் அணியை 3–0 என்று வென்று தங்கம் வாங்கிய ஜப்பான் அணியில் பெரும்பாலோர் அந்த ஆலைப் பெண்கள்தான்.

உடம்பு தாங்காது என்ற பயமும் இன்று முளைத்ததல்ல. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். இறுதிப் போட்டியில் ஓடிய 9 பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு ஜெயித்தார். பத்திரிகைகளோ பெண்கள் சுருண்டு சுருண்டு விழுந்ததாக எழுதின. அந்தப் பொய்யைச் சாக்காக வைத்து அந்த ஓட்டத்தையே நீக்கினார்கள். அது ஒலிம்பிக்குக்குத் திரும்ப 1960 ஆயிற்று. ஒரு பொய்க்கு 32 வருடம் பலி. இன்னும் எத்தனை வருடம் நாம் அதைத் தூக்கிச் சுமப்பது?

ரத்தசோகை இருக்கிற பிள்ளைகள் மயங்கி விழுவார்களே என்றும் அந்தப் பெரியவர் கேட்டார். ரத்தசோகை இருப்பது உண்மை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருக்கிறது. அதற்கு வைத்தியம் இரும்புச்சத்து மாத்திரை, கீரை, முட்டை. மூலையில் உட்கார வைப்பது எந்த நோய்க்கு வைத்தியம்? மைதானத்துக்கு வருகிற பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் ஆசிரியர் கண்ணில் படும், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார். வகுப்பில் உட்கார்ந்தே இருக்கிற பிள்ளையின் சோகை யார் கண்ணிலும் படாது.

அடுத்தது படிப்பு. இதைச் சொல்ல நம் சேலம், நாமக்கல் பக்கத்துக்கு அருகதை இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பத்தாம் வகுப்புப் பாடத்தையும், பிளஸ் ஒன்னில் பிளஸ் டூ பாடத்தையும் நடத்தி மார்க் அறுவடை செய்த பள்ளிகள் நம்மிடம்தான் பெருகின. மாநில ரேங்க் வெறியைத் தாங்க முடியாமல் 2017இல் அரசே ரேங்க் பட்டியல் அறிவிப்பதை நிறுத்தியது. அந்த வெறிக்கு முதல் பலி பி.டி. பீரியட். கணக்கு வாத்தியார் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். வளரும் பிள்ளைகள் தினமும் 60 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவைத் தொடாத பதின்ம வயதுப் பெண்கள் உலகெங்கும் 85 சதவீதம் என்று 2016ஆம் ஆண்டுத் தரவை வைத்துச் சொன்னதும் அதே நிறுவனம்தான்.

பையன்கள் அணி வைத்து ஆடுகிறார்களே, அவர்கள் படிப்பு கெடும் என்று இந்தப் பெரியவர் ஒருநாளாவது எழுந்தாரா? சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போகிற பெண் புத்தகத்தையா எடுக்கிறாள்? குடத்தை எடுக்கிறாள், பாத்திரம் தேய்க்கிறாள், தம்பிக்குச் சோறு போடுகிறாள். மைதானத்தில் போகும் ஒரு மணி நேரம் அவர் கண்ணை உறுத்துகிறது. அடுப்படியில் போகும் மூன்று மணி நேரம் உறுத்தவில்லை. அவர் கவலை படிப்பைப் பற்றியதே அல்ல.

விளையாட்டு சோறு போடுமா என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். அங்கே கிராமத்து மைதானத்தில் பந்து பிடித்த பெண்கள் எத்தனையோ பேர் ரயில்வேயிலும் போலீசிலும் மின்வாரியத்திலும் சம்பளம் வாங்குகிறார்கள். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அணியே இல்லாத பள்ளியிலிருந்து எந்தப் பெண் அந்த ஒதுக்கீட்டைத் தொடுவாள்?

மூன்றாவது பாதுகாப்பு. இந்தப் பயத்தில் பாதி நியாயம் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து வருகிற பிள்ளை கடைசி பஸ்ஸை விட்டால் என்ன ஆகும் என்ற கவலை எந்தத் தாய்க்கும் வரும். பயிற்சி என்ற பெயரில் தவறாக நடக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அதற்கு வழி இருக்கிறது. பயிற்சியைக் காலையிலோ பி.டி. பீரியடிலோ வையுங்கள். பெண் உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டு வாங்குங்கள். தினம் இரண்டு அம்மாக்கள் முறை வைத்து மைதானத்தில் உட்காருங்கள். உடை மாற்ற ஓர் அறை, தண்ணீர் வருகிற கழிப்பறை இரண்டையும் கேளுங்கள். டிராக் பேண்டும் டி ஷர்ட்டும் போட்டு ஆட எந்த விதியிலும் தடையில்லை. இவ்வளவு செய்யலாம் என்றிருக்க, ஆபத்தைக் காட்டிப் பிள்ளையைப் பூட்டச் சொல்பவர் பாதுகாப்பைக் கேட்கவில்லை, பூட்டைத்தான் கேட்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்த பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுங்கள் என்று 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் கொண்டுவந்தது இதே சேலம் மாவட்டத்துக்கு. அந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து பிறந்த வீட்டிலேயே இருந்தது. அந்த வரலாறு உள்ள மண்ணில் நின்றுகொண்டு, பெண்ணுக்கு வீடுதான் பாதுகாப்பு, மைதானம் ஆபத்து என்று பேச நாக்கு கூச வேண்டும்.

கடைசியாக, இடமும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. வாலிபால் ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் சரியாக நாலு சென்ட். சுற்றிலும் ஓடிப் பந்தெடுக்கும் இடத்தையும் சேர்த்தால் ஒன்பது சென்ட். பையன்களுக்கு என்று ஓர் ஆடுகளம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. வலையை 2.43 மீட்டரிலிருந்து 2.24 மீட்டருக்கு இறக்கிக் கட்டினால் அதுவே பெண்கள் ஆடுகளம். திங்கள், புதன், வெள்ளி இவர்களுக்கு, மற்ற நாட்கள் அவர்களுக்கு. இதற்கு எந்த நிலத்தை வாங்க வேண்டும்?

யாரும் கேட்கவில்லையா? அதே பள்ளியில் ஒரு பி.டி. பீரியடில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் பெண் பிள்ளைகள் அவர்களுடைய கைக்கடிகாரங்களையும் தண்ணீர் பாட்டில்களையும் மடியில் வைத்துக் காவல் காத்தார்கள். ஒரு சர்வீஸ் கோட்டைத் தாண்டி மரத்தடிக்குப் பாய்ந்தது. ஒன்பதாம் வகுப்பு இருக்கும், ஒரு பெண் எழுந்தாள். பந்தைப் பிடித்து எறியவில்லை. முழங்காலை மடக்கி, இரண்டு முன்கைகளையும் ஒட்டவைத்து ஏந்தினாள். பந்து சத்தமில்லாமல் உயர்ந்து, வலைக்குப் பக்கத்தில் நின்ற பையனின் கைக்கே போனது. யாரும் சொல்லித்தராமல், வருடக்கணக்காக ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தே பழகியிருக்கிறாள். உட்கார்ந்ததும் முன்கையில் சிவந்த தடத்தைத் தோழியிடம் காட்டிச் சிரித்தாள். பிறகு கடிகாரங்களை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவும் உயரம் தாண்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கவில்லை. பள்ளியில் வாலிபால் ஆடித் திரிந்தவரைத் தாண்டிப் பார் என்று சொன்னவர் உடற்கல்வி ஆசிரியர். அவர் சொன்னதால் 2016 ரியோ பாராலிம்பிக்கில் நம் மாவட்டத்துக்குத் தங்கம் வந்தது. அமெரிக்காவில் 1971–72இல் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. 1972இல் கல்வியில் பாகுபாட்டைத் தடுத்துச் சட்டம் வந்தது. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல். விருப்பம் எப்போதும் இருந்தது. வாசலைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

நிலத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரப்பு ஒரு முழம் நகர்ந்தால் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் நாம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் போட்டது. அரசுப் பணத்தில் ஊருக்குப் பொதுவாக இருக்கிற பள்ளி மைதானத்தில் அவளுக்குப் பங்கு கிடையாதா? பையன்களுக்குக் கொடுத்தபோது யாரும் காரணம் கேட்கவில்லை. இவளிடம் மட்டும் நாலு காரணம் கேட்பது அநியாயம்.

பெற்றவர்களே, அடுத்த கூட்டத்திலும் அந்தப் பெரியவர் எழுவார். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் பெண் பிள்ளைகளுக்கு ஆடுகளம் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். அதன் கீழே முதல் பெயராக உங்கள் மகளின் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.