சொல்லும் சேர்க்கையும்

கூகிளுக்குத் தமிழின் பொருள் விளங்கிவிட்டதாம்! திண்டிவனத்து நண்பர் ஒருவர் சொல்கிறார். இனி அகராதி எதற்கு என்றும் கேட்கிறார்.

'விளங்கிவிட்டது' என்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். 2019 டிசம்பரில் 'பெர்ட்' என்ற முறை தமிழ்த் தேடலுக்கும் வந்தது வாஸ்தவம். அது செய்வதென்ன? ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, ஒரு சொல்லின் பொருளை அக்கம்பக்கத்துச் சொற்களைக் கொண்டு ஊகிக்கிறது. விழுப்புரம் கடைத்தெருவில் 'அரிசி ஒரு படி' என்றால் அளவை. 'பரீட்சைக்குப் படி' என்றால் வேறு. கெட்டிக்காரத்தனந்தான், மறுக்கவில்லை. ஆனால் சேர்க்கையைப் பார்த்து ஆளை எடைபோடும் ஊர் வம்பர்களின் வித்தை அல்லவா இது? சேர்க்கை கெட்டால் தீர்ப்பும் கெடும்.

நம்மவர்கள் இணையத்தில் எழுதுகிற லட்சணத்தைப் பாருங்கள். 'திண்டிவனம் சிறந்த ஹோட்டல், திண்டிவனத்தில் சிறந்த ஹோட்டல்' என்று ஒரே பக்கத்தில் பத்துத் தரம்! யந்திரத்தின் தயவுக்காகத் தமிழைக் கொல்கிறார்கள். அந்தக் கூகிளோ இந்தப் பஜனையைக் குற்றமென்று தன் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறது!

திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதே திண்டிவனம் ஆயிற்றென்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இதை நாலு பேர் நல்ல தமிழில் எழுதினால்தானே யந்திரத்துக்கும் தெரியும்? எழுதாவிட்டால், திண்டி விற்கும் வனமென்று அது நினைத்தாலும் நான் அதைக் கோபித்துக்கொள்ள மாட்டேன்.