பேசாக் கடவுளும் பூட்டிய கதவும்

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் வழிபட வந்து நின்றனர். மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கல்லாதவரல்லர். கணிதப் பேராசிரியராயும் அமைச்சராயும் இருந்த சி. சுந்தரலிங்கம்! அவ்வாறு மறிப்பது குற்றமென 1957இலேயே சட்டம் வந்திருந்தது. மரபு அதனினும் பெரிதாம்.

இத்தகைய சமயத்தை வெறுத்த ஆசிரிய நண்பர் சிலர் 'டீயிசம்' நன்று என்கின்றனர். படைத்தவன் ஒருவன் உளன். உலக நடப்பில் அவன் தலையிடான். அவனை அறியப் பகுத்தறிவே போதும். மறைநூலும் அற்புதமும் குருமாரும் வேண்டா என்பது அக்கொள்கை. கல்லை வணங்குவோரையும் சாதி பேசுவோரையும் எள்ளிய சிவவாக்கியரைக் கற்ற நமக்கு இதிற் பாதி புதிதன்று.

தரகரை நீக்கும் கொள்கை மேலானதே, மறுக்கவில்லை. ஆயின், தலையிடாக் கடவுளின் அடியாரும் தலையிடாதிருப்பரோ? அன்று யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைகளும் குடிநீர்க் கிணறுகளுங்கூட அம்மக்களுக்கு அடைபட்டிருந்தன. அவற்றைக் காத்து நின்றவர் குருக்களல்லர். நம்மைப் போன்ற குடும்பத்தவரே. டீயிசத்தை முழங்கி 1794இல் 'பகுத்தறிவின் காலம்' எழுதிய தோமஸ் பெயின், அமெரிக்கப் புரட்சியிலும் பிரெஞ்சுப் புரட்சியிலும் பங்குகொண்டவர். நம் நண்பரோ சாய்மனைக் கதிரையிற் கிடந்து கோயிலைப் பழிக்கின்றார். மகளுக்கு மணம் பேசும்போது மட்டும் சாதி விசாரிக்கின்றார். மாவிட்டபுரத்து வாயிலில் நின்றோர் முருகனை நம்பியவர்கள். அவர்களுக்கு இவர் எந்தப் பகுத்தறிவைக் கற்பிக்கப் போகின்றார்?