குப்பையைக் கிளறுகிறோமா?



"எப்பப் பார்த்தாலும் குப்பையையே கிளறுறீங்களே, நல்ல விஷயமே கண்ணில் படாதா?" என்று வாசகர்களாகிய உங்களில் சிலர் உரிமையோடு கேட்பதுண்டு. தாராளமாகக் கேளுங்கள். அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் இதே ஏச்சை நூறு வருஷத்துக்கு முன்பே வாங்கிவிட்டார்கள்.

அந்த ஏச்சின் வேர் 'மக்' என்ற ஓர் ஆங்கிலச் சொல். பழைய நார்ஸ் மொழி வழியே இங்கிலாந்துக்குப் போனது என்பார்கள். முதலில் அதற்குச் சாணமும் வைக்கோலும் சேர்ந்த தொழுவுரம் என்றுதான் பொருள். சேறு, அசிங்கம், ஆபாசம் எல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை. நாம் வயலுக்குக் குப்பை அடிப்பதுபோல, அங்கே இன்றும் நிலத்தில் 'மக்' போடுகிறார்கள்.

அதை வாரும் கருவி 'மக்ரேக்'. ஜான் பன்யனின் 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' தெரியுமில்லையா? நம் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்துக்கு மூலநூல். 1684-ல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் ஒருவன் வருகிறான். தலைக்கு மேலே கிரீடத்தை நீட்டினாலும் நிமிர மாட்டான், தரையில் குப்பையையே வாரிக்கொண்டிருப்பான்.

1906 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், முறைகேடுகளைத் தோண்டி எழுதிய பத்திரிகையாளர்களை இவனோடு ஒப்பிட்டார். 'மக்ரேக்கர்' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. வாருவதும் தேவைதான், எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும் என்றும் அவர் சொன்னார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால், அவர்கள் கிளறியது என்ன?

1905-ல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் 'காலியர்ஸ்' பத்திரிகையில் கடை மருந்துகளின் மோசடியைத் தொடராக எழுதினார். அந்தக் காலத்தில் பல் முளைக்கும் குழந்தை அழுதால் அம்மாக்கள் நம்பிக் கொடுத்தது 'மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்'. அதில் இருந்ததோ மார்ஃபின்! பிள்ளை தூங்காமல் என்ன செய்யும்? சில பிள்ளைகள் கண் விழிக்கவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பாட்டிலில் போட வேண்டிய கட்டாயமே அன்று கிடையாது.

அடுத்து அப்டன் சிங்க்ளேர், 'தி ஜங்கிள்' நாவலில் சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அசிங்கத்தை எழுதினார். நாடே முகம் சுளித்தது. அதே ரூஸ்வெல்ட், அதே 1906 ஜூன் 30 அன்று உணவு, மருந்துச் சட்டத்திலும் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். மார்ஃபின், ஓபியம், ஆல்கஹால் இருந்தால் லேபிளில் அச்சிட்டே ஆக வேண்டும் என்றானது.

எனக்கு இன்னொருவர் மேல் தனி மரியாதை. 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' ஆசிரியர் எட்வர்ட் போக். 1892-லேயே இந்த மாதிரி மருந்து விளம்பரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வருகிற விளம்பரத்தைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று பத்திரிகை நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும்!

இன்று உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் இருமல் சிரப்பைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்துதான். கண்ணாடி போட்டுக்கொண்டாவது படித்துவிடுங்கள், பிள்ளைக்கு ஊற்றுவதற்கு முன்னால்.

அன்புடன்,
ஆசிரியர்