ஒரு கிரவுண்டுக்குள் அடங்கும் ஆட்டம்

1952 ஆகஸ்ட், மாஸ்கோ. பெண்களுக்கான முதல் உலக வாலிபால் போட்டி. வந்திருந்தவை எட்டே அணிகள். சோவியத் யூனியன், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, பிரான்ஸ் என்று ஏழும் ஐரோப்பா. எட்டாவது, இந்தியா. ஜப்பான் வரவில்லை, சீனா வரவில்லை, கொரியா வரவில்லை. சுதந்திரம் பெற்று ஐந்தே வருஷம் ஆன நாட்டின் பெண்கள் மட்டும் ஆசியக் கண்டத்தின் சார்பில் அங்கே நின்றார்கள். போட்டி முடிந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது எட்டாவது இடம்.

கடைசி இடம்தான். ஆனால் அவர்கள் எங்கிருந்து போனார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1936-இல் லாகூரில் தொடங்கி 1950 வரை நடந்த மாநிலங்களுக்கிடையேயான வாலிபால் போட்டி ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இந்திய வாலிபால் கூட்டமைப்பு உருவானது 1951-இல். அதற்கடுத்த வருஷமே ஒரு பெண்கள் அணி மாஸ்கோவுக்குப் போகிறது என்றால், அந்தப் பெண்களுக்குப் பின்னால் பத்து வருஷப் பயிற்சி இல்லை, லீக் இல்லை, முன்னோடிகள் இல்லை. ஆட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் இருந்திருக்கும். அவர்கள் பெயரில் ஒரு கோப்பையையோ ஒரு மைதானத்தையோ நான் எங்கும் பார்த்ததில்லை. இந்த நாட்டின் விளையாட்டு வரலாற்றில் அந்த எட்டாவது இடத்துக்கு ஒரு தனி மரியாதை தர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அதற்குப் பிறகு இந்தியப் பெண்கள் உலகப் போட்டியில் ஆடவே இல்லை. ஒலிம்பிக்கிலும் இல்லை.

அன்று மாஸ்கோவுக்கு வராத ஜப்பான் என்ன ஆனது?

ஒசாகாவுக்குப் பக்கத்தில் கைஸுகா என்ற ஊர். அங்கே நிச்சிபோ என்ற நூற்பாலை. 1954-இல் அந்த ஆலை தன் பெண் ஊழியர்களை வைத்து ஒரு வாலிபால் அணி அமைத்தது. பயிற்சியாளர் ஹிரோபுமி டைமாட்சு, பர்மா-இம்பால் போர்முனையிலிருந்து உயிரோடு திரும்பியவர். அந்தப் பெண்கள் காலையில் ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். பிற்பகலில் தொடங்கும் பயிற்சி நள்ளிரவு வரை போகும். உயரத்தில் ஐரோப்பியப் பெண்களை எட்ட முடியாது என்பதால், தரையைத் தொடப்போகும் பந்தை உருண்டு விழுந்து எடுத்து, உருண்ட வேகத்திலேயே எழுந்து நிற்கும் ஒரு முறையைப் பழகினார்கள். அதுவரை அவர்கள் ஆடிவந்தது ஒன்பது பேர் ஆட்டம். அதை விட்டு ஆறு பேர் ஆட்டத்துக்கு மாறினார்கள். 1960-இல் பிரேசிலில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானுக்கு இரண்டாம் இடம். 1962-இல், அதே மாஸ்கோவில், உலகப் பட்டம். 1964 அக்டோபர் 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் சோவியத் யூனியனை 15-11, 15-8, 15-13 என்று வீழ்த்தினார்கள். பெண்கள் வாலிபால் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த வருஷம்தான். பன்னிரண்டு பேர் கொண்ட ஜப்பான் அணியில் பத்துப் பேர் அந்த ஒரே ஆலையின் பெண்கள்.

டைமாட்சுவின் முறையை நான் கொண்டாடமாட்டேன். தூக்கத்தைப் பறித்து, அடிபட்ட உடம்பை மறுபடி மறுபடி தரையில் விழவைத்து வாங்கிய தங்கம் அது. அணித்தலைவி மசாயே கசாய் 1962-லேயே ஓய்வு பெற்றுத் திருமணம் செய்துகொள்ள நினைத்தவர். நாட்டின் எதிர்பார்ப்பு அவரை மேலும் இரண்டு வருஷம் நிறுத்திவைத்தது. ஆனால் அந்தக் கதையில் கசப்பைக் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. ஒரு தொழிற்சாலை பெண்களுக்குச் சம்பளம் கொடுத்தது, தங்க இடம் கொடுத்தது, கூரையுள்ள ஆடுகளம் கொடுத்தது. ஆட்டம் அங்கே வேலைக்குப் பகையாக இல்லை. வேலையோடு ஒட்டியே வளர்ந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் சென்னையின் மேற்குப் புறநகர்தான் நினைவுக்கு வரும்.

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் போட்ட ரயில் பாதை, தென்னிந்தியாவின் முதல் பாதை, இந்த ஊர்களின் வழியாகத்தான் போகிறது. வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி. நூறு வருஷம் ஏரியும் வயலுமாகக் கிடந்த அந்தப் பாதையோரம், சுதந்திரத்துக்குப் பிறகான இருபதே வருஷங்களுக்குள் ஆலைகளால் நிறைந்தது. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ். 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில் சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானம். அதே வருஷம் அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ரயில் பெட்டி ஆலையான ஐ.சி.எஃப்-ஐ நேரு திறந்துவைக்கிறார். அம்பத்தூரில் டன்லப் வருகிறது. இன்றைக்கும் அந்த பஸ் ஸ்டாப்புக்கு அதுதான் பெயர். பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள். ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் ஆலையும், 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும். டோக்கியோவில் அந்தப் பெண்கள் தங்கம் வாங்கிய அதே 1964-இல்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டை அமைந்தது.

ஆலை இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தது, குவார்ட்டர்ஸுக்கு நடுவே மைதானமும் இருந்தது. வேலை முடிந்து வந்து டீ குடித்துவிட்டு நெட்டைக் கட்டி, இருட்டும் வரை ஆடும் வழக்கமும் இருந்தது. வாலிபாலைப் பொறுத்தவரை மதராஸ் ஒன்றும் பின்தங்கிய ஊர் இல்லை. அமெரிக்காவின் ஹோல்யோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ-வில் 1895-இல் வில்லியம் மார்கன் உருவாக்கிய ஆட்டம், அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் நமக்கும் வந்தது. ஹாரி குரோ பக் 1920-இல் இங்கே தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் படித்த பி.டி. மாஸ்டர்கள் தென்னகப் பள்ளிகள் எங்கும் போனார்கள். வாலிபாலுக்கு முதல் அர்ஜுனா விருது 1961-இல் ஏ. பழனிசாமிக்குக் கிடைத்தது. 1962 ஆசிய விளையாட்டில் ஆண்கள் அணிக்கு வெள்ளி. ஜி.இ. ஸ்ரீதரனுக்கு 1982-இல் அர்ஜுனா. 1986 சியோலில் ஆண்களுக்கு வெண்கலம்.

எல்லாம் ஆண்கள். கைஸுகாவுக்கும் ஆவடிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. நூற்பாலை பெண்களை வேலைக்கு எடுத்தது. டாங்கி ஆலையும் ரயில் பெட்டி ஆலையும் ஆண்களை எடுத்தன. ஆலையில் யார் இருந்தார்களோ அவர்களுக்குத்தான் மைதானம். குவார்ட்டர்ஸில் பெண்கள் இருந்தார்கள், ஆனால் ஊழியரின் மனைவியாக, மகளாக. ஆடுவது அப்பா, வேடிக்கை பார்ப்பது மகள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே. தோன்றாமல் போனதன் விலை இரண்டு தலைமுறை.

பெண்கள் வாலிபாலை இந்த ஊர்களில் உயிரோடு வைத்தது பள்ளிக்கூடம். அதிலும் அரசுப் பள்ளிகளின் பி.டி. மிஸ்கள். செம்மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வருஷத்துக்கு வரும் இரண்டு மூன்று பந்துகளைக் காற்றுப் போகாமல் காப்பாற்றி, ஐப்பசி மழையில் மைதானம் குளமானால் வராந்தாவில் சுவரில் அடித்துப் பாஸ் பழக்கியவர்கள் அவர்கள். பெண்கள் ஆட்டத்துக்கு நெட்டின் உயரம் 2.24 மீட்டர். எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு அது வானம்போலத் தெரியும். முதல் நாள் சர்வீஸ் நெட்டைத் தாண்டாது. ஒரு மாதத்தில் தாண்டும். அது தாண்டும் நாளில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஆட்டத்தின் விதிகளும் நடுவில் மாறின. 1990-களின் கடைசியில் லிபரோ என்ற ஒரு புதிய இடம் வந்தது. வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்று எடுக்க மட்டுமே செய்யும் ஆள். நெட்டில் பிளாக் போடக்கூடாது, உயரத்திலிருந்து அடிக்கக்கூடாது. குள்ளமான பிள்ளைக்கு இந்த ஆட்டத்தில் முதல் முறையாக ஒரு தனி நாற்காலி போட்டார்கள். நம் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பதை நம் பயிற்சி முறைகள் இன்னும் முழுதாக உணரவில்லை என்பது என் எண்ணம். இன்றும் தேர்வு முகாமில் முதலில் அளப்பது உயரம்தான். 2009-இல் ஹனோயில் ஆசிய இறுதியில் சீனாவை வீழ்த்திய தாய்லாந்துப் பெண்களைப் பாருங்கள். அவர்களுடைய செட்டர் நூட்சரா தொம்கோம் 170 சென்டிமீட்டருக்குள்தான். சிறு வயதிலிருந்து ஒன்றாகவே ஆடி, ஒருத்தி கண்ணை அசைத்தால் இன்னொருத்தி எங்கே குதிப்பாள் என்று தெரிந்துவைத்திருந்த அணி அது. உயரத்தை வாங்க முடியாது. ஆனால் பத்து வருஷம் கலையாமல் ஒரு அணியை வைத்திருக்க முடியும்.

கலையாமல் வைத்திருப்பதில்தான் நாம் தோற்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வயதில் ஒரு செட்டர் அப்போதுதான் செட்டராக ஆகத் தொடங்கியிருப்பாள். அதற்குப் பிறகு விளையாட்டு விடுதி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி, அப்புறம் ரயில்வே. அந்தக் குறுகலான பாதையில் கால் வைக்க முடிந்தவள் தப்பித்தாள். மற்றவளுக்கு ஆட்டம் பள்ளி ஆண்டுமலரில் ஒரு போட்டோ.

ரயில்வேயைப் பற்றி நன்றியோடுதான் சொல்ல வேண்டும். தேசியப் போட்டியில் மாநிலங்களோடு ஒரு மாநிலம்போல நின்று, பெண்கள் பிரிவை அது ஆண்டுக்கணக்கில் ஆண்டது. காரணம் எளிது: அது வேலை கொடுத்தது. கைஸுகா ஆலை செய்ததை இந்தியாவில் செய்தது ரயில்வே. கேரளம் அதையே மின்வாரியம், போலீஸ், கல்லூரி விடுதி என்று பரவலாகச் செய்ததால் ரயில்வேக்கு எதிரே நிற்க முடிந்தது. கே.சி. ஏலம்மா 1975-லும் சாலி ஜோசப் 1984-லும் அர்ஜுனா விருது பெற்ற மண் அது. அர்ஜுனா வாங்கிய வாலிபால் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நேபாளத்தையும் பார்க்க வேண்டும். 2017-இல் வாலிபாலைத் தேசிய விளையாட்டாக அறிவித்த நாடு. அங்கே பெண்கள் அணியின் முதுகெலும்பு ஆயுதப் போலீஸ் படை, போலீஸ், ராணுவம் ஆகியவற்றின் அணிகள். 2019-இல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டு இறுதியில் அந்தச் சின்ன நாட்டை நம் பெண்கள் ஐந்து செட் ஆடித்தான் வெல்ல முடிந்தது. சி.ஆர்.பி.எஃப். மையமும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படை அணிகளும் ஆவடி, பூந்தமல்லி பக்கத்தில்தான் இருக்கின்றன. படையும் இடமும் பெண் காவலர்களும் நம்மிடம் இருக்கும்போது, காத்மாண்டுவில் முடிவது இங்கே ஏன் முடியாது என்று கேட்கத் தோன்றுகிறது.

பணம் வந்தபோதும் பெண்களுக்கு வரவில்லை. 2019-இல் புரோ வாலிபால் லீக் நடந்தது. இறுதி ஆட்டம் பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில்; சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பையைத் தூக்கியது. 2022-இல் பிரைம் வாலிபால் லீக் தொடங்கியது. இரண்டும் ஆண்களுக்கானவை. அரங்கில் உட்கார்ந்து கைதட்டிய பள்ளிப் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணியிருந்தால் யாருக்காவது உறைத்திருக்கும்.

ஒரு வாலிபால் கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சதுர அடியில் சுமார் 1,750. நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குள் அடங்கிவிடும். ஓடி எடுக்கச் சுற்றிலும் இடம் விட்டாலும் இரண்டு கிரவுண்டு வேண்டாம். கிரிக்கெட்டுக்கு இடமில்லாத தொழிற்பேட்டையில் இதற்கு இடமிருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் இப்போது பழைய தொழிற்பேட்டை இல்லை. ஏற்றுமதித் துணி நிறுவனங்களிலும் மென்பொருள் கட்டடங்களிலும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். திருமுல்லைவாயலில் பெண் தொழில்முனைவோருக்கென்றே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. 1964-இல் இந்த ஆலைகளில் இல்லாத பெண்கள் இன்று இருக்கிறார்கள். கைஸுகா அறுபது வருஷம் தாமதமாக அம்பத்தூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது, மைதானத்தை மட்டும் விட்டுவிட்டு.

தேசிய அணிக்கு ஆள் தேடுவது மட்டுமே இதன் நோக்கமாக இருக்கக்கூடாது. டோக்கியோவுக்குப் பிறகு ஜப்பானில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தங்கம் இல்லை. கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பெண்கள் ஊர் ஊராக அணி சேர்ந்து, பழைய ஒன்பது பேர் ஆட்டத்தையே ஆடத் தொடங்கினார்கள். அதற்கு 'அம்மா வாலிபால்' என்றே பெயர் விழுந்தது. 1970-இலிருந்து அவர்களுக்கென்று நாடளாவிய போட்டி நடக்கிறது. தொலைக்காட்சியில் அந்த ஒலிம்பிக் இறுதியைப் பார்த்த தலைமுறை அது. அம்மா ஆடுவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பந்தைத் தொட யாரிடமும் அனுமதி கேட்கத் தோன்றாது.

மாலை ஐந்தரைக்குத் தொழிற்பேட்டைக் கேட்டில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் விரையும் கூட்டத்தில், பள்ளியில் மாவட்ட அணிக்கு ஆடியவர்கள் இருக்கிறார்கள். முப்பது வயது, முப்பத்தைந்து வயது. சர்வீஸ் எப்படிப் போடுவது என்பதைக் கை இன்னும் மறந்திருக்காது. அவர்களுக்கு வேண்டியது ஆறு மணிக்குத் திறந்திருக்கும் விளக்குப் போட்ட ஒரு கோர்ட், ஒரு கழிவறை, ஏழரை மணி வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.