தொழிற்சாலை மூடப்பட்டது; பாதரசம் எஞ்சியது

கொடைக்கானல் மலையில் இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலை மூடப்பட்டு இரு தசாப்தங்களுக்கும் மேலாகிவிட்டது. அதன் வாயில்கள் 2001ஆம் ஆண்டிலேயே அடைக்கப்பட்ட போதிலும், அங்கு சிந்திய பாதரசம் அவற்றுக்குள் அடைபட்டுவிடவில்லை. எவ்வளவு பாதரசத்தை மண்ணில் விட்டுவைக்கலாம் என்பதே அதன் பின்னர் நீண்டகாலம் நீடித்த சர்ச்சையின் மையமாகும். பாதரசத்தின் இயல்பை விளங்கிக்கொள்ளாமல் இக்கேள்விக்கு விடை காண முடியாது.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள வோட்டர்டவுனில் இயங்கிய தொழிற்சாலை, 1980களின் முற்பகுதியில் இம்மலைக்கு இடம்பெயர்க்கப்பட்டது. பின்னர் அது யுனிலீவர் குழுமத்தின் இந்திய நிறுவனமான ஹிந்துஸ்தான் லீவரின் வசமானது. 2001 மார்ச்சில், பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவுகள் நகரிலுள்ள பழைய பொருட்கள் கடையொன்றில் கண்டுபிடிக்கப்பட்டு, மக்கள் கிளர்ந்தெழுந்ததை அடுத்து உற்பத்தி நிறுத்தப்பட்டது. சுமார் 290 தொன் கழிவு 2003இல் அமெரிக்காவுக்கே அனுப்பப்பட்டது. ஆனால், 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் ஓர் இணக்கத்துக்கு வந்தது 2016 மார்ச்சிலேயாகும். கழிவைக் கப்பலேற்ற இரண்டு வருடங்கள். மனிதருக்கு நிவாரணம் கிட்டப் பதினைந்து வருடங்கள்.

பாதரசம் ஒரு மூலகம். காலம் செல்லச் செல்ல அது சிதைந்து அழிந்துவிடுவதில்லை. வடிவத்தை மாத்திரமே மாற்றிக்கொள்கின்றது. சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும் அது, வளியில் மாதக்கணக்கில் தங்கி, ஒட்சியேற்றமடைந்து, நீரில் கரையும் வடிவம் பெற்று மழையுடன் தரையிறங்குகின்றது. மண்ணை அடைந்ததும் உக்கலிலுள்ள கந்தகக் கூட்டங்களுடன் இறுகப் பிணைந்துகொள்கின்றது. இப்பிணைப்பே போதிய பாதுகாப்பு எனக் கருதுவோருமுண்டு. ஆயினும், சரிவான நிலத்தில் அடைமழை மண்ணை அரித்துச் செல்லும்போது, அதனுடன் பிணைந்த பாதரசமும் கூடவே பயணிக்கின்றது.

இத்தொழிற்சாலை அமைந்திருந்ததோ பாம்பார் சோலைக்காட்டுக்கு மேலேயுள்ள மேட்டில். அங்கிருந்து இறங்கும் நீர் சமவெளியை நோக்கிச் சென்று வைகைப் படுகையைச் சேர்கின்றது. கொடைக்கானல் ஏரியின் நீரிலும் அடையலிலும் மீனிலும் பாதரசம் காணப்பட்டதை, 2006இல் வெளியான இந்திய விஞ்ஞானிகளின் ஆய்வொன்று தெரிவித்தது. தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய பாதரசமே அதற்குக் காரணமென அவர்கள் கருதினர்.

ஆபத்து முற்றுவது நீர்நிலையின் அடியிலாகும். ஒட்சிசன் அற்ற சேற்றில் வாழும் சில பற்றீரியாக்கள் பாதரசத்துடன் மெதைல் கூட்டத்தை இணைத்து, அதனை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. இது புரதங்களுடன் பிணைந்து உடலில் தங்குவது. நுண்பாசியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செல்கையில் படிக்குப்படி செறிவடைந்து, சுற்றியுள்ள நீரிலுள்ளதைவிடப் பல இலட்சம் மடங்காகிவிடக் கூடும். தாய் உண்ணும் மீனிலிருந்து சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவின் மூளையையும் அது அடைகின்றது. ஜப்பானின் மினமாட்டாவில் இந்நோய் 1956இல் உத்தியோகபூர்வமாக அறியப்பட்ட போதிலும், அரசாங்கம் அதன் காரணத்தை ஏற்றுக்கொண்டது 1968இலேயாகும். அங்கு தொழிற்சாலையே மெதைல் பாதரசத்தைக் கடலில் கலந்தது. ஏனைய இடங்களில் அவ்வேலையைப் பற்றீரியாக்கள் செய்து முடிக்கின்றன.

கொடைக்கானல் வளாகத்தின் மண்ணை, கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்குச் சுத்திகரித்தால் போதுமென நியமம் வகுக்கப்பட்டது. இது மிகவும் தளர்வானதெனச் சுற்றாடல் அமைப்புகள் எதிர்த்தன. அவ்விடத்தில் மனிதர் வசிப்பதைக் கருத்திற்கொண்டு கணிக்கப்பட்ட அளவு அது. வீடு கட்டிக் குடியிருப்பவருக்குப் பொருந்தும் அளவு, நீர்நிலையிலுள்ள மீனுக்கும் பொருந்துமென எவ்வாறு கொள்வது? நியமம் மண்ணிலுள்ள செறிவை அளக்கின்றது. ஆபத்தோ, அம்மண்ணிலிருந்து ஒவ்வொரு மழையிலும் எவ்வளவு வெளியேறுகின்றது, அது சென்றடையும் சேற்றில் எவ்வளவு உருமாறுகின்றது என்பதிலேயே தங்கியுள்ளது. ஆகவே, சுத்திகரிப்புச் சான்றிதழோடு விவகாரம் முடிந்துவிடலாகாது. கீழ்ப்புறத்து நீரோடைகளின் அடையலும் மீனும் பல்லாண்டுகள் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டு, பெறுபேறுகள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

எமக்கும் இதில் படிப்பினையுண்டு. இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட வாள்மீன்களில் பாதரசம் எல்லையை மீறியிருந்ததாக எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டதுண்டு. கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம் என்பதே அங்கு அம்மீனுக்கு விதிக்கப்பட்ட எல்லையாகும். அந்நாட்டு நுகர்வோருக்காக மேற்கொள்ளப்படும் பரிசோதனை, மீனையே அன்றாடப் புரதமாகக் கொண்ட எமது கரையோரத் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கும் உரியதாகும். மீனைக் கைவிட வேண்டிய அவசியமில்லை. சூடை, கீரி போன்ற சிறுமீன்களில் பாதரசம் குறைவு. சுறா, வாள்மீன் போன்றவற்றைக் கர்ப்பிணிகளும் சிறுவர்களும் தவிர்ப்பது நன்று. இவ்வெளிய தகவலைத் தாய் சேய் நலக் கிளினிக்குகளில் எடுத்துச் சொல்வதற்குப் பெருஞ்செலவு எதுவும் ஏற்படப்போவதில்லை.

மினமாட்டா சமவாயத்தை இலங்கை 2017இலும் இந்தியா 2018இலும் ஏற்று உறுதிப்படுத்தின. அந்நகரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது, காரணத்தை ஒப்புக்கொள்ளக் கழிந்த பன்னிரண்டு வருடங்களில் மக்கள் செலுத்திய விலையை எவரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவும் எனக் கொள்வதே பொருத்தமாகும்.